மேல் லயத்துக்கு ஆடிய அண்ணன்

எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு யாரையும் அவராகவே பார்க்கத் தெரியாது. குழந்தை பிறந்தால் மூக்கு அப்பாவுடையது, காது சித்தப்பாவுடையது என்று பங்கு பிரித்து முடித்த பிறகுதான் பெயர் வைப்பதைப் பற்றியே யோசிப்பார்கள். ஒரு பிள்ளை ஹாக்கி மட்டையோடு திடலில் இறங்கிவிட்டால் இன்னும் மோசம். ஓட்டம் யாருடையது, முழங்கை யாருடையது, பந்தைத் தவறவிட்டதும் இடுப்பில் கை வைத்து முறைப்பது யாருடையது என்று கோட்டோரம் உட்கார்ந்து ஆராய்ச்சி நடக்கும். அந்தப் பிள்ளைக்கென்று சொந்தமாக ஏதாவது மிஞ்சியதா என்று யாரும் கேட்டதில்லை. நானும் அங்கே பிறந்தவள்தான், அந்த வியாதி எனக்கும் உண்டு.

தோட்டம் மலேசியாவில், சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் நடுவில் இருக்கிறது. இருக்கிறது என்று சொல்வதே ஒரு பேச்சுக்குத்தான். கித்தா என்கிற ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள், பிறகு நாங்கள் வரிசை வரிசையாகக் குடியிருந்த லயங்களை இடித்தார்கள், ஆட்கள் லோபாக், பாரோய், புக்கிட் பெலண்டோக் என்று சிதறினார்கள். மிச்சம் மாரியம்மன் கோயிலும் அதற்கு முன்னால் உள்ள திடலும்தான். வருடத்துக்கு ஒரு தடவை திருவிழாவுக்கு எல்லோரும் வருவோம். மஞ்சள் நீராட்டு அன்று சாயங்காலம் மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் ஹாக்கி ஆட்டம் நடக்கும். கம்பெனி பெரிய மனது பண்ணி டிராக்டர் அனுப்பிப் புல் வெட்டிக் கொடுக்கும். போர்ட்டிக்சனில் வாங்கிய மீன் வலையைக் கோல் கம்பத்தில் கட்டிவிட்டால் திடல் தயார்.

மேல் லயமும் இல்லை, கீழ் லயமும் இல்லை. ஆனாலும் யார் எந்தப் பக்கம் என்பதில் இன்றுவரை ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை. அப்பா எந்த லயமோ, பிள்ளையும் அந்த லயம். லோபாக் அடுக்குமாடி வீட்டில் பிறந்து, லயம் என்பதைக் கண்ணால்கூடப் பார்க்காத பையன்கள், "கீழ் லயத்தைத் தொட முடியுமா லா?" என்று தொடை தட்டுவார்கள். கீழ் லயம் எந்தப் பக்கம் இருந்தது தம்பி என்று கேட்டால் கை காட்டத் தெரியாது. மஞ்சள் தண்ணீரில் நனைந்த சட்டையோடு ஆடுவதால் முதல் பத்து நிமிடத்தில் இரண்டு பக்கமும் ஒரே நிறமாகிவிடும், யார் யாருக்குப் பந்து கொடுக்கிறார்கள் என்று நடுவருக்கே தலை சுற்றும்.

நாங்கள் கீழ் லயம். என் அண்ணன்தான் கீழ் லயத்தின் பெருமை.

அண்ணனுக்கும் எனக்கும் எட்டு வயது வித்தியாசம். அப்பா இல்லாத வீடு. அம்மா கித்தா மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து, கை கழுவியும் போகாத பால் வாசனையோடு சமைப்பாள். சாயங்காலம் பிள்ளைகள் எல்லோரும் திடலுக்குப் போய்விடுவோம். ஆண் பிள்ளைகளுக்கு ஆட்டம், பெண் பிள்ளைகளுக்கு அரை நேரத்தில் ஆரஞ்சுப் பழம் நறுக்கித் தட்டில் கொண்டுபோகும் வேலை. அந்த வேலைக்கும் போட்டி இருந்தது. அண்ணன் தட்டில் இருந்து ஒரு துண்டை எடுத்தால் அன்றைக்கு முழுவதும் என் கால் தரையில் படாது.

அண்ணன் இடது பக்கம் ஆடுவார். கொய்யாக் கிளையை வளைத்துச் செய்த மட்டையில் பழகியவர். பந்தை மட்டையோடு உருட்டிக்கொண்டே வந்து, எதிராளியின் முன்னால் ஒரு கணம் நின்று, மட்டையைப் புரட்டி அந்தப் பக்கம் போய்விடுவார். எதிராளி இந்தப் பக்கம் போயிருப்பான். அதைப் பார்க்கத்தான் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து லோரி ஏறி ஆட்கள் வந்தார்கள். அந்தச் சிவப்பு மண்ணும், சாயங்கால வெயிலும், கோட்டோரம் அம்மா தலைத்துணியைக் கழற்றி விசிறிக்கொண்டே "என் மவன்" என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொன்னதும் எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கின்றன. நான் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த இடம் வேறு கிடையாது.

அண்ணன் ஆட்டத்தை நிறுத்தியபின் அவர் அடித்த கோல்கள்தான் வளர்ந்தன. ஒரு கோலில் மூன்று பேரைத் தாண்டினார் என்றால், அடுத்த வருடத் திருவிழாவில் ஐந்து பேர், அதற்கடுத்த வருடம் நடுவரையும் சேர்த்துத் தாண்டினார். ஹாக்கியில் கோலுக்கு முன்னால் உள்ள வட்டத்துக்குள் இருந்து அடித்தால்தான் கோல். அது அந்தத் திடலில் கைக்குழந்தைக்கும் தெரியும். ஆனால் அண்ணன் கதைகளில் மட்டும் பந்து நடுக்கோட்டில் இருந்து பறந்து போகும். யாரும் மறுப்புச் சொன்னதில்லை.

எல்லாக் கதைகளுக்கும் மேலே ஒரு கதை இருந்தது. அண்ணன் மாநிலத்துக்கு ஆடிய வருடம், தேசிய அணிப் பயிற்சிக்கு ஆள் எடுக்கச் சிரம்பானில் தேர்வு வைத்தார்கள். அண்ணன் பஸ் ஏறிப் போனார். திரும்பி வரும்போது தோட்டமே மாலையோடு பஸ் நிறுத்தத்தில் நின்றது. நானும் பள்ளிக்கூட உடுப்போடு முன்னால் நின்றேன். அண்ணன் இறங்கினார். எங்களைப் பார்த்தார். "அம்மாவையும் தங்கச்சியையும் விட்டுட்டு எப்படிப் போறது? வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார். தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் மண்டோர் சத்தம் போட்டு அழுதார். வாங்கிய மாலையை வீணாக்காமல் அண்ணன் கழுத்திலேயே போட்டார்கள்.

அந்தத் தங்கச்சி நான். எனக்காக அவ்வளவு பெரிய வாய்ப்பை உதறிய அண்ணன் யாருக்கு வாய்க்கும்? கல்யாணம் ஆகி லோபாக்குக்கு வந்த பிறகும், தீபாவளிக்கு என் வீட்டில் முதல் வேட்டி அண்ணனுக்குத்தான். அவரிடம் நான் குரலை உயர்த்திப் பேசியதே கிடையாது, என் வாய்க்கு அது பெரிய சாதனை.

அண்ணன் பிறகு பாரோயில் வீடு வாங்கி, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேன் ஓட்டினார். வெகு நாள் கழித்து ஒரு மகள் பிறந்தாள். இடைநிலைப் பள்ளியில் சேர்ந்ததும் மட்டையைத் தூக்கினாள். அதற்குள் திருவிழா ஆட்டத்தில் பெண் பிள்ளைகளும் இறங்க ஆரம்பித்திருந்தார்கள். சிரம்பானில் செயற்கைப் புல் திடலில் பழகியவள், எங்கள் குண்டும் குழியுமான திடலில் ஆடுவதற்கு முதலில் முகம் சுளித்தாள். நடு வரிசையில் இடது பக்கம் அவள் இடம். எதிராளி வரும் வழியைப் பார்த்துக்கொண்டே பின்வாங்கி, சரியான நேரத்தில் மட்டையை நீட்டிப் பந்தை எடுப்பாள். எடுத்த மறு நொடி பந்து அவளிடம் இருக்காது, முன்னால் இருப்பவனிடம் போயிருக்கும். பதினாறு வயதில் மாநில அணிக்கு ஆடினாள்.

திருவிழாவில் அவள் ஆடியபோது கோட்டோர ஆராய்ச்சிக் குழு உற்சாகத்தின் உச்சிக்குப் போனது. பழைய மண்டோருக்கு எண்பது தாண்டிவிட்டது, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி வருவார்கள்.

"ஓட்டம் அப்பன் ஓட்டம்தான்" என்பார். "தோள் ஆட்டுறதும் அவன்தான். ஆனா அப்பன் கையில பந்து ஒட்டிக்கிட்டுக் கெடக்கும் லா. இவகிட்ட வந்ததும் போயிடுது."

எல்லோருடைய பாராட்டிலும் அந்த 'ஆனா' இருந்தது. நல்ல பிள்ளை, ஆனா அப்பன் மாதிரி வராது. அப்பனில் முக்கால்வாசி இருக்கு. நான்கூட ஒரு தடவை அவள் தலையைத் துவட்டிக்கொண்டே, "அப்பா மாதிரி நீயும் ஒரு தடவை புரட்டிப் பாரேன்" என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அப்போது சரியாகப் பார்க்கவில்லை.

போன வருடம் திருவிழாவுக்குச் சில நாட்களுக்கு முன்னால் அண்ணி போன் பண்ணினார். தேசிய இளையோர் பயிற்சிக்குக் கோலாலம்பூரில் இருந்து அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கேயே தங்கிப் படித்துக்கொண்டு ஆட வேண்டும். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இவள் போக மாட்டேன் என்கிறாள்.

"நீங்க வந்து கேளுங்க. எங்கிட்ட வாயத் தொறக்க மாட்டேங்குறா" என்றார் அண்ணி.

மோட்டாரை எடுத்துக்கொண்டு பாரோய்க்குப் போனேன். அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து மட்டைக் கைப்பிடிக்குப் புதுத் துணிப்பட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். அண்ணன் முன் அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டி போகல? ஆடப் பிடிக்கலையா?"

"பிடிக்கும் அத்தை."

"அப்புறம்?"

பட்டையைச் சுற்றி முடித்து, ஓரத்தைப் பல்லால் கடித்து வெட்டிவிட்டுச் சொன்னாள். "அங்க போனவங்க எல்லாரையும் வச்சிக்க மாட்டாங்க. பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிடுவாங்க. என்னை அனுப்பிட்டாங்கன்னா? அப்பா வேணாம்னு சொன்ன எடத்துல, மகளை வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு ஆகிடும் இல்ல? மண்டோர் தாத்தா மொகத்துல எப்படி முழிக்கிறது? போகலைன்னா, அப்பா மாதிரியே அவளும் போகலைன்னு சொல்வாங்க. அது பரவால்ல."

பதினேழு வயதுப் பிள்ளை, ஆசைப்பட்ட இடம் கூப்பிட்டும் வீட்டில் உட்காரக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். அதற்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து வழி சொல்லிக் கொடுத்திருக்கிறோம். முன் அறையில் டிவி சத்தம் நின்றது. அண்ணன் உள்ளே வந்து, ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்து, அவளையும் பார்க்காமல் என்னையும் பார்க்காமல் போய்விட்டார்.

நான் பின்னாலேயே போனேன். முதல் தடவையாக அண்ணனிடம் குரல் உயர்ந்தது. "வாயில என்ன கொழுக்கட்டையா? அவ சொன்னது காதுல விழுந்திச்சு இல்ல? நீங்க ஒரு வார்த்தை சொன்னா போவா!"

"திருவிழா முடியட்டும்" என்றார், அவ்வளவுதான்.

மஞ்சள் நீராட்டு அன்று எல்லோரும் நனைந்து முடித்துத் திடலுக்கு வந்தோம். மேல் லயத்தில் ஒரு ஆள் குறைந்தது, யாரோ ஒருவரை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். யாரை இறக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போது அண்ணன் எழுந்தார். பேண்ட்டை மடித்தார். ஒரு பையனிடம் இருந்து மட்டையை வாங்கிக்கொண்டு மேல் லயத்துப் பக்கம் நடந்தார்.

அண்ணன் மட்டையைத் தொட்டுப் பல வருடங்களாகிவிட்டன. முட்டி வலி என்பார், அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார். அதைவிடப் பெரிய விஷயம், கீழ் லயத்துக்காரன் மேல் லயத்துக்கு ஆடுவது என்பதே அங்கே நடக்காத ஒன்று.

"டேய், அந்தப் பக்கம் எங்க லா போற?" என்று மண்டோர் நாற்காலியில் இருந்தே கத்தினார்.

"மாமா, என் பொண்டாட்டி மேல் லயம். மாப்பிள்ளைக்கு உரிமை இல்லையா?" என்றார் அண்ணன்.

கூட்டம் சிரித்தது. "இத்தனை வயசுல வீட்டோட மாப்பிள்ளையா?" என்று ஒருவர் கேட்டார். அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மகள் மட்டும் சிரிக்கவில்லை. அண்ணன் நின்ற இடம் அவளுக்கு நேர் எதிரே.

முதல் தடவை பந்து அண்ணனிடம் வந்தபோது திடல் எழுந்து நின்றது. மகள் முன்னால் வந்தாள். அண்ணன் ஒரு கணம் நின்றார், மட்டையைப் புரட்டினார், அந்தப் பக்கம் போனார். அவள் இந்தப் பக்கம் இருந்தாள். முப்பது வருடம் கழித்து அதே புரட்டல். நான் வாயைப் பொத்திக்கொண்டேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மண்டோர் நாற்காலிக் கையைத் தட்டி, "பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்று எல்லோரையும் கேட்டார். அப்புறம்தான் மகளின் முகத்தைப் பார்த்தேன். செத்துப் போயிருந்தது. இந்த மனுஷன் பெற்ற பிள்ளையைக் கவிழ்க்கத்தான் இறங்கினாரா என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

இரண்டாவது தடவை அவள் முந்தவில்லை. பின்வாங்கிக்கொண்டே போனாள். அண்ணன் கோட்டுப் பக்கம் ஒதுங்கினார், பந்து வெளியே போனது. அவருக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினார், இரண்டு தடவை விழுந்தார், எழுந்து மறுபடியும் அவள் பக்கமே பந்தைக் கேட்டார். விட்டுக் கொடுக்கும் ஆட்டம் அல்ல அது. சின்ன வயதில் இருந்து அந்த முகத்தைப் பார்த்தவள் நான், எனக்குத் தெரியும்.

அரை நேரத்துக்குப் பிறகு மறுபடியும் இருவரும் நேருக்கு நேர். அண்ணன் நின்றார். புரட்டினார். அவள் அசையவே இல்லை. புரட்டல் முடிந்து பந்து மட்டையை விட்டு ஒரு விரல் தூரம் விலகிய அந்த நேரத்தில் மட்டையை நீட்டி எடுத்தாள். அண்ணன் வெறும் மட்டையோடு இரண்டு அடி ஓடி, முழங்காலில் உட்கார்ந்தார். அதற்குள் பந்து முன்னால் போய், கீழ் லயத்துப் பையன் ஒருவன் வட்டத்துக்குள் இருந்து வலைக்குள் அடித்திருந்தான்.

கீழ் லயம் கோல் போட்டு, கீழ் லயமே கை தட்டாமல் இருந்தது அன்றைக்குத்தான். அண்ணன் பந்தை இழந்து மண்ணில் உட்கார்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அழுகை வந்தது. அவள் எடுத்த அழகுக்கும் அழுகை வந்தது. எது எதற்கு என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் மண்டோர் நாற்காலியைச் சுற்றிக் கூடினோம். அண்ணன் புல்லில் காலை நீட்டி உட்கார்ந்தார். மஞ்சளும் சேறுமாக இருந்தார்.

"உம் மவ உன்னைப் புடிச்சிட்டா" என்றார் மண்டோர். உடனே கையை ஆட்டினார். "ஆனா இப்ப ஒனக்கு வயசாயிடுச்சி. அந்தக் காலத்து ஆளா நீ இருந்திருந்தா இவ புடிச்சிருப்பாளா? நேசனலே கூப்பிட்டு வேணாம்னு சொன்ன ஆளு லா இவன்!"

எல்லோரும் தலையாட்டினார்கள். அப்பாடா என்று இருந்தது அவர்களுக்கு, எனக்கும்தான். மகள் குனிந்து காலுறையைக் கழற்றினாள். அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை பேர் முன்னால் விழுந்து எழுந்தும் ஒன்றும் மாறவில்லை என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"என்னைக் கூப்பிடல மாமா" என்றார்.

"என்னா?"

"நேசனலுக்கு என்னைக் கூப்பிடவே இல்ல. அரை நேரம் ஆட விட்டாங்க. அப்புறம் கூப்பிட்டு ஒக்கார வச்சிட்டாங்க. சாயங்காலம் பேர் வாசிச்சாங்க, என் பேர் வரல. பஸ்ஸுல வரும்போது எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சிக்கிட்டே வந்தேன். எறங்கினா நீங்க எல்லாரும் மாலையோட நிக்கிறீங்க. முடிவு தெரியறதுக்கு முன்னாடியே யாராவது மாலை வாங்குவாங்களா? அந்த மாலையைப் பாத்ததும் வாய்ல அதுதான் வந்திச்சு, அம்மாவையும் தங்கச்சியையும் விட்டுட்டு எப்படிப் போறதுன்னு."

"வெளையாடாத லா" என்றார் மண்டோர்.

"வெளையாடல. என்னை வேணாம்னாங்க. இவளை வான்றாங்க. இனிமே யாரும் எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா வச்சிப் பேசாதீங்க. நான் அங்க போனதே இல்ல."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. முப்பது வருடம் எத்தனை வேட்டி, எத்தனை கும்பிடு, எத்தனை தடவை என் பிள்ளைகளிடம் "மாமா எனக்காக விட்டுக் கொடுத்தவர்" என்று சொல்லியிருப்பேன்.

"எனக்காகப் போகலைன்னு நெனச்சிக்கிட்டே இருந்தேனே அண்ணே" என்றேன். "கூப்பிட்டிருந்தா போயிருப்பீங்களா?"

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் சிரித்தது.

"ஓடியிருப்பேன்" என்றார். "உன்னை ஒரு தடவை திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டேன் தங்கச்சி. அவ்ளோ ஆசை எனக்கு."

இதைக் கேட்டு எனக்கு வலித்திருக்க வேண்டும். வலித்தது. ஆனால் என்னமோ, அன்றைக்குத்தான் அவரை மண்டோர் சொன்ன ஆளாகப் பார்க்காமல் என் அண்ணனாகப் பார்த்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் முட்டியைத் தேய்த்துவிட்டேன். மகள் காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவையே பார்த்தபடி நின்றாள். இவ்வளவு நேரமும் அவள் சுமந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கியது முகத்தில் தெரிந்தது.

"அப்பா, மறுபடியும் ஒக்கார வச்சிட்டாங்கன்னா?" என்று கேட்டாள்.

"வீட்டுக்கு வந்து அப்படியே சொல்லு. மாலை வாங்காம நான் பாத்துக்கிறேன்."

திங்கட்கிழமை அவளே போன் பண்ணி வருகிறேன் என்று சொன்னாள். அடுத்த மாதம் சிரம்பான் ரயில் நிலையத்துக்கு அண்ணன், அண்ணி, நான் மூன்று பேர் மட்டும் போனோம். அண்ணி அழுதுகொண்டே தின்பண்டப் பையைக் கொடுத்தார். நான் நெற்றியில் திருநீறு வைத்தேன். மட்டைப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு அவள் ஏறினாள். உள்ளே மட்டையோடு இன்னொரு பிள்ளை உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் நேராக அவளிடம் போய்ப் பேச உட்கார்ந்துவிட்டாள்.

ரயில் கிளம்பியது. அண்ணி கையை ஆட்டினார், நான் ஆட்டினேன். அவள் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. ரயில் முழுவதும் போய் முடிந்த பிறகு அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"பாத்தியா?" என்றார், பல் எல்லாம் தெரிய. "திரும்பிப் பாக்கல லா."